இரண்டாம் சுற்றின் நாடி

முதல் சுற்று முடிந்ததும் கவின் பூங்காவின் ஓரமாக ஒதுங்கி, மணிக்கட்டிலிருந்த நாடிப்பட்டையைப் பார்த்தார். பச்சை. ‘நலம்’ என்றது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மனைவி மகிழினியின் பட்டையைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் சுற்று அவளுக்காக. பொள்ளாச்சியில் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டாருக்கும் சேர்த்து நடந்தார்கள். மீதிப் பேர் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

தினமும் எண்ணாயிரம் அடி நடந்து, நாடியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். நடந்தவருக்கு நடைச் சான்று. சான்று இருந்தால்தான் இதய சிகிச்சைக்கான வரிசையில் இடம். வரிசையில் இல்லாதவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தாலும் எந்த மருத்துவமனையும் தொடாது. மகிழினிக்கு மூட்டுவலி. மூட்டுவலியெல்லாம் சட்டத்தின் காதில் ஏறுமா? எட்டு மாதமாக அவர்தான் நடந்தார். கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது. அறுபது வயதில் வாங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பட்டை சிவந்து அலறியது. “மகிழினி. இதயக் குழாயில் அடைப்பு. இன்றே சிகிச்சை. ஊர்தி வருகிறது.”

மகிழினி கரண்டியோடு ஓடிவந்தாள். “எனக்கா? நான் நல்லாத்தானுங்க இருக்கேன்!”

“பட்டை கெட்டுப்போச்சாட்ட இருக்குது. என்னுது இப்பத்தான் பச்சை காட்டுச்சு,” என்றார் கவின். “பேசாம வா மகி. அங்க சோதிச்சுப் பாத்துட்டு அவங்களே அனுப்பிருவாங்க. நடந்தது நான்னு மட்டும் வாயத் தொறந்துராத. ரெண்டு பேர் பேரையும் மூணு வருஷத்துக்கு வரிசையில இருந்து அடிச்சுருவாங்க.”

ஆனால் மருத்துவமனையில் யாரும் சோதிக்கவில்லை. எட்டு மாதப் பதிவு கையில் இருக்கும்போது எதற்குச் சோதனை? மகிழினியைப் படுக்க வைத்து வார்களால் கட்டினார்கள். மேலே அறுவை இயந்திரத்தின் கைகள் மெல்ல விரிந்தன.

டாக்டர் இனியா திரையைக் காட்டினார். “முதல்ல ஒண்ணும் தெரியாதுங்க. உடம்பு களைச்ச பிறகுதான் இந்தக் கோளாறு தலைகாட்டும். இன்னைக்கு விட்டா ஆறு மாசம் தாங்காது. ஏம்மா, நடந்தா தாடை வலிக்குமா? இடது தோள் இறுக்குமா?”

மகிழினி திருதிருவென்று விழித்தாள். கவினுக்குப் புரிந்துவிட்டது. தாடை வலியைப் பல்வலி என்று நினைத்து ஒரு மாதமாகக் கிராம்பு கடித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

மனைவியைப் பார்த்தார். அந்தக் கிராம்பை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அவளுக்கும் புரிந்துவிட்டது. “ஆமாங்க டாக்டர், வலிக்குது,” என்றாள். கணவனைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினாள்.

பேசாமல் இருந்தால் போதும். நாளைக்குத் தன் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் சுற்று நடந்தால் அவர் பெயருக்கும் ஊர்தி வரும். பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு விலை, ஒரு குறையும் இல்லாத அவள் இதயத்துக்குள் தொடை வழியாகக் கம்பி நுழைவது. கவினுக்குச் சாகப் பயமாகத்தான் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே மறைக்கவில்லை.

“இதுல ஆபத்து ஏதாச்சும் உண்டுங்களா டாக்டர்?”

“நூத்துல ஒருத்தருக்கு, குழாய் கிழியலாம்.”

இயந்திரத்தின் ஊசிமுனை அவள் தொடையருகே இறங்கியது.

“நிறுத்துங்க!” கவின் கத்தினார். “அது அவ நாடி இல்லைங்க. என்னுது. எட்டு மாசமா நான்தான் நடந்தேன்.”

கைகள் அந்தரத்தில் நின்றன. “ஒப்புதல் பதிவானது,” என்றது இயந்திரம். “இருவர் சான்றும் ரத்து. மூன்று ஆண்டுகள்.”

டாக்டர் இனியா திரையை அணைத்தார். ஆறு மாதம் என்று சற்றுமுன் தன் வாயாலேயே சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குனிந்து கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

மகிழினி எழுந்து உட்கார்ந்தாள். “எதுக்குங்க சொன்னீங்க? எனக்கு ஒரு தழும்போட போயிருக்குமல்ல!” அழுகையும் ஆத்திரமுமாக அவர் நெஞ்சில் குத்தக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை பாதியில் நின்றது. பிறகு அவருடைய சட்டையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.