பிடுங்கிய குச்சிகள்

படகை விட்டு இறங்கியதும் அஜாங் நடக்கத் தொடங்கிவிட்டான். காட்டுக்குள் போகிறவன் போல இல்லை, வீட்டுக்குள் போகிறவன் போல. அவன் பெனான் இனத்தவன். மலேசியாவின் சரவாக் காடுதான் அவன் ஊர். அவனுக்குப் பின்னால் திருமேனி, பிறகு மகள் கயல், கடைசியாக மனைவி செவ்வந்தி. ஈப்போவிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்தவர்கள். ஓட்டல் வேண்டாம், காட்டுக்காரர்களோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, மலைக்குள் இருக்கும் வெள்ளைக் குகையைப் பார்த்துவிட வேண்டும். அது திருமேனியின் ஆசை.

பாதை பிரியும் இடத்தில் ஒரு குச்சி நட்டிருந்தது. உச்சியைப் பிளந்து ஓர் இலையை மடித்துச் செருகியிருந்தார்கள். பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போனது என்று செவ்வந்தி நினைத்தாள். அழகாக இருந்தது. பிடுங்கிப் பையில் போட்டாள். அடுத்த பிரிவிலும் ஒன்று. அதையும்.

குகைக்குக் கீழே ஓடை. ஈரப் பாறையில் திருமேனி சறுக்கினார். கால் எலும்பு முறிந்த சத்தம் செவ்வந்திக்குக் கேட்டது.

கரையில் கிடத்தினார்கள். மேலே செங்குத்தான மேடு. அஜாங் தூக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"நாசி லெமாக் சோத்தக் கொறச்சிருக்கணும்," என்றார் திருமேனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மலையில் இடி இடித்தது. அங்கே மழை என்றால் இங்கே தண்ணீர் ஏறும். பயப்பட வேண்டாம் என்று அஜாங் மலாயில் சொன்னான். மச்சான் ஜுமான் அரிசியோடு பின்னால் வருகிறான். இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்.

காத்திருந்தார்கள். ஓடை கலங்கியது. ஜுமான் வரவில்லை.

அவருக்கு வழி தெரியுமா என்று செவ்வந்தி கேட்டாள். பிரிவுக்குப் பிரிவு சொல்லிவிட்டுத்தானே வந்திருக்கிறேன் என்றான் அஜாங். ஒரு குச்சியை ஒடித்தான். பிளந்தான். இலையை மடித்துச் செருகிச் சாய்வாக நட்டுக் காட்டினான். சாயும் பக்கம் போகிறோம். மடித்த இலை என்றால் எங்களுக்குப் பசி.

செவ்வந்தி பையைத் திறந்தாள்.

அஜாங் குச்சிகளைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. அவற்றை அள்ளிக்கொண்டு வந்த வழியே ஓடினான்.

தண்ணீர் திருமேனியின் குதிகாலைத் தொட்டது. தாயும் மகளும் அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்கள். ஒரு சாண் நகர்ந்தார், அலறினார். மறுபடி இழுத்தார்கள். தண்ணீரும் கூடவே வந்தது. அதற்குமேல் பாறை. கயல் கூவிப் பார்த்தாள். ஓடையின் இரைச்சலில் அது பக்கத்து மரம்வரைகூடப் போயிருக்காது.

"என்னாலதாங்க."

"எதுக்கு எடுத்த?"

"ஷோகேஸ்ல வைக்க."

"அதுல எடம் எங்க இருக்கு?" சிரிக்கப் பார்த்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு செய்ய எதுவும் இல்லை.

மேட்டில் கிளைகள் ஒடிந்தன. இருவர் சறுக்கி இறங்கினார்கள். ஒரு கழி வெட்டினார்கள், சாரோங் கைலியைத் தூளிபோல் கட்டினார்கள், திருமேனியை ஏற்றித் தூக்கினார்கள். மேட்டின் உச்சியிலிருந்து செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். அவர் கிடந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

சோறு கொதிக்கும்போது ஜுமான் சொன்னான். முதல் பிரிவில் குச்சி இல்லை. தவறான பக்கம் வெகுதூரம் போய்த் திரும்பியிருக்கிறான். அப்புறம் குனிந்து பார்த்தான். புதிதாக ஒரு குழி. சருகுமேல் தடம் நிற்காது. ஆனால் குழிக்குப் பக்கத்தில், யாரோ ஊன்றிப் பிடுங்கிய இடத்தில், சின்ன ரப்பர் காலணியின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அது திரும்பிப் போன பக்கமே போனான். அடுத்த பிரிவிலும் குழி, அதே காலணி. மச்சான் பின்னால் ஒரு திருடன் போகிறான் என்று விரட்டிக்கொண்டு வரும்போதுதான் அஜாங் எதிரே வந்தானாம். சொல்லி முடிப்பதற்குள் ஜுமானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மா, அவரு ஒன்னப் புடிக்கத்தான் வந்தாராம்," என்றாள் கயல்.

குகையை அவர்கள் பார்க்கவில்லை. மறுநாள் திருமேனியைப் படகில் படுக்கவைத்ததும், கயல் சொல்லியிருப்பாள், ஷோகேஸுக்கு என்று அஜாங் இலை மடித்துச் செருகிய ஒரு குச்சியை நீட்டினான். செவ்வந்தி வாங்கினாள். கரையில் குனிந்து, ஆற்றுப் பக்கம் சாய்த்து நட்டாள். இலையை மட்டும் எடுத்துவிட்டாள். அவர்களுக்குப் பசி இல்லை.