சாம்பல் இல்லாத சூடு

"செய்யாத குத்தத்த செஞ்சேன்னு சொல்றாரும்மா எம் வூட்டுக்காரரு. நீங்கதான் வந்து இன்னான்னு கேக்கணும்."

வில்லியனூரில் லில்லியின் தையல் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பவுனம்மாள் சொன்னது இதுதான். அவள் தேடி வந்த செல்வகுமாரி, நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரப்புத் தகராறு முதல் வீட்டுச் சண்டை வரை அவரிடம் வரும். நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவருடைய சிநேகிதி லில்லிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கதை பாதியில் இருக்கும்போதே அவள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள்.

பவுனம்மாள் பாகூரில் விஜயராஜ் என்பவர் வீட்டில் சமையல் செய்கிறாள். அவள் கணவர் முத்துசாமி அங்கேயே தோட்டக்காரர். பின்பக்க அறையில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி முத்துசாமி வளர்த்த புல்தரை மழையில் சேறாகி, முதலாளியின் பேரப்பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். அதனால் கார்த்திகையில் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரித்தார் விஜயராஜ். பொங்கல் கழிந்ததும் அந்தப் புல்லில் சூடு வைத்ததுபோலத் தழும்புகள் விழ ஆரம்பித்தன. வாசல் கேமராவில் வெளியாள் யாரும் இல்லை. விசாரித்த அன்றே முத்துசாமி ஒத்துக்கொண்டுவிட்டார்: "அடுப்புத் தணலக் கொட்டினேன்."

"நாளைக்குள்ள ரூம காலி பண்ணலன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்னுட்டாரு மொதலாளி," என்றாள் பவுனம்மாள். "கடைசித் தழும்பு விழுந்த அன்னிக்கு இவரு திருக்கனூர்ல, எங்க நாத்தனார் வூட்டு விசேஷத்துல இருந்தாரு. பன்னெண்டு மணிக்கு நான் பெருக்கும்போது அது இல்ல. நாலு மணிக்குப் பாத்தா இருக்கு. அதச் சொல்லுய்யான்னா, வாய மூடுன்றாரு."

"புல் போட்டவன் மட்டமான சரக்கத் தலையில கட்டிட்டான்," என்றாள் லில்லி.

"சரக்கு மட்டம்னா எல்லா இடத்துலயும் கெடணும் லில்லி. வா, போய்ப் பார்ப்போம்."

மறுநாள் காலை இருவரும் பாகூர் போனார்கள். குளம் வீட்டின் மேற்குப் பக்கம் இருந்தது. பவுனம்மாள் அடுப்புச் சாம்பல் சட்டியோடு அந்த வழியாகத் தென்னை மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். செல்வகுமாரி குனிந்து டேப்பை விரித்தார். ஏழு தழும்புகள். எல்லாம் ஒரே சாய்வில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நகர்ந்து போயிருந்தன. லில்லி ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இது எரியல. பாலியெஸ்டர் துணியில இஸ்திரிப் பெட்டி அதிகமா சுட்டா இப்படித்தான் சுருண்டு பளபளக்கும்."

செல்வகுமாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நல்லா சொன்ன." பிறகு புல்லுக்கு நடுவே தூவியிருந்த மணலை விரலால் கிளறினார். வெள்ளைவெளேரென்று இருந்தது.

"சார், தழும்பு விழாத நாள் ஏதாவது உண்டா?"

விஜயராஜ் யோசித்தார். "நடுவுல ரெண்டு நாள் மழை மூட்டமா இருந்துது மேடம். அப்ப விழல."

செல்வகுமாரி குளத்தைப் பார்த்திருந்த மாடி ஜன்னலைக் காட்டினார். "மாடியில அந்த ரூம் புதுசா?"

"பொங்கலுக்குத்தான் முடிச்சோம். சூடு உள்ள வராத கண்ணாடி, ரெண்டு அடுக்கு."

"மூணு மணிக்கு எல்லாரும் இங்க வாங்க. முத்துசாமியும்."

மூன்று மணிக்குக் குளத்தோரம் நாற்காலிகள் போடப்பட்டன. முத்துசாமி மட்டும் உட்காரவில்லை. தலை குனிந்து ஓரமாக நின்றார். சிறிது நேரத்தில் புல்லின் மீது ஒரு வெளிச்சப் பட்டை தெரிந்தது. மற்ற வெயிலைவிடக் கூர்மையாக, கடைசித் தழும்பை ஒட்டி அது மெல்ல ஊர்ந்தது. லில்லி அதில் கையை வைத்துவிட்டு, "ஐயோ!" என்று இழுத்துக்கொண்டாள்.

"லில்லி, மாடிக்குப் போய் அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமா ஒரு போர்வையத் தொங்கவிடு."

போர்வை விழுந்ததும் பட்டை மறைந்தது.

"அந்தக் கண்ணாடி சூட்ட உள்ள விடாது. வெளியே திருப்பி அனுப்பும்," என்றார் செல்வகுமாரி. "கொஞ்சம் உள்வாங்கி வளைஞ்சிருந்தா வெயில ஒரே இடத்துல குவிக்கும். பிளாஸ்டிக் புல் அதுல உருகுது. சூரியன் நாளுக்கு நாள் இடம் மாறுறதால தழும்பும் நகருது. மழை நாள்ல ஒண்ணும் விழல. தணல் கொட்டியிருந்தா இந்த வெள்ளை மணல்ல ஒரு துளி சாம்பலாவது கலந்திருக்கும்."

விஜயராஜின் முகம் சுருங்கியது. "அப்புறம் ஏன் முத்துசாமி ஒத்துக்கணும்?"

"வேற யாரையோ காப்பாத்த. அவர் ஏன் தணல்னு சொன்னார்? தென்னை மரத்துக்குப் போட, தினமும் அடுப்புச் சாம்பல் சட்டியோட இந்த வழியா நடக்கிறது யாரு?"

பவுனம்மாள் கணவனிடம் திரும்பினாள். "நான்தான் செஞ்சேன்னு நெனச்சியா?"

முத்துசாமி மனைவி பக்கம் வந்தார். "அந்தப் புல்லப் பேத்தப்போ, எனக்குத் தெரியாம கொல்லையில நின்னு நீ அழுதியே, பாத்தேன். இந்த பிளாஸ்டிக் புல்லுக்கு நெருப்பு வெச்சாதான் என் வயிறு ஆறும்னு சொன்ன. எனக்காகத்தான் செஞ்சிட்டியோன்னு..."

விஜயராஜ் எழுந்து வந்து முத்துசாமியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க. இங்கயே இருங்க."

முத்துசாமி மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இருக்கலாம்," என்றாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, "நான் செஞ்சிருந்தா மொதல்ல உங்கிட்டதான்யா சொல்லியிருப்பேன்," என்றாள்.