அண்ணி அடித்துவிட்ட வரி

"யாரு அடிச்சது இதை?"

காலை டீ தொண்டையில் இறங்குவதற்குள் மகளின் குரல் கூடத்தில் வெடித்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பயணத் தாளின் முன் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். குளிரும் நடுக்காத, வெயிலும் வாட்டாத ஒரு தீவுக்கு வீட்டில் நான்கு பேரும் போவதாகத் திட்டம். முதல் நாள் காட்டுக்குள் நடை. இரண்டாம் நாள் சதுப்பு நிலப் பறவைகள். மூன்றாம் நாள் இருட்டிய பிறகு, கரையேறி முட்டையிடும் ஆமைகளைப் பார்ப்பது. அந்த மூன்றாம் நாளின் மேல் நீலத் தையல் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு!

அந்த வீட்டில் தையல் சாக்பீஸைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

"நான்தான்," என்றாள் அவள், மெஷினிலிருந்து தலை நிமிராமல். "எனக்கு இருட்டுன்னா பயம்."

"பயமா இருந்தா நீ ரூம்ல இரும்மா. நாங்க மூணு பேரும் போறோம்."

"வேணாம்... யாருமே போக வேணாம்!"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அடாவடி என்று அவளுக்கே உறைத்தது. அதற்குள் கணவனின் தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். இந்தப் பயணமே அவனுடைய பல வருஷ ஆசை. ஆமைக் கரைக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி. சின்ன டார்ச் வெளிச்சம் பட்டால்கூட ஆமை மிரண்டு கடலுக்குத் திரும்பிவிடுமாம். வருகிறோமா இல்லையா என்று பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"அண்ணி, உங்களைத் தாய்க்குச் சமமா நினைக்கறவன் நான். ஆனா இது அநியாயம்! அண்ணன் வாயைத் திறக்கறாரா பாருங்க. முன்னெல்லாம் இப்படியா இருந்தாரு? பொழுது சாஞ்சா பட்டறை வாசல்ல போய் நின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க. தெருவே சிரிக்குது. நல்லா முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கீங்க!"

அவள் கணவனைப் பார்த்தாள். புத்தகம் கட்டும் பட்டறைக்குக் கிளம்ப வேண்டிய மனிதர், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகவே வெளிச்சம் மங்கினால் அவருக்குப் பாதை தெரிவதில்லை. பகலில் ஊசியில் நூல் கோப்பார். இருட்டினால் சொந்த வாசற்படியில் தடுக்கி விழுவார். 'தம்பிக்குத் தெரியவே கூடாது, பொண்ணுகிட்டயும் சொல்லாதே. அவனைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் நான்... அவன் என்னைப் பரிதாபமா பார்க்கக் கூடாது' என்று சத்தியம் வாங்கியிருந்தார். வாயை மூடிக்கொண்டு கெட்ட பெயரைச் சுமப்பது அவள் பங்காகிவிட்டது. இதில் அவர்மேல் அவளுக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

"சரி தம்பி. நான் வரவே இல்லை. காட்டைப் பாருங்க, பறவையைப் பாருங்க. அந்தக் கோட்டை மட்டும் அழிக்காதீங்க... உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நீ வராம, எங்களையும் போக விடாம... என்ன பிடிவாதம்மா இது!" மகள் அழத் தொடங்கிவிட்டாள். "எங்க சந்தோஷம் உனக்குப் பொறுக்கவே பொறுக்காதா?"

மெஷின் நின்றது. தைத்துக்கொண்டிருந்த துணியில் இரண்டு சொட்டு விழுந்தது.

"போதும்!"

பேப்பர் தரையில் கிடந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"அவளை இனி ஒரு வார்த்தை சொல்லாதீங்க. இருட்டுல கண்ணு தெரியாதது எனக்குடா! டாக்டரைப் பார்த்தாச்சு... சரியாகற வியாதி இல்லையாம். அவ கை இல்லாம என்னால வீடு வந்து சேர முடியாது. என் வறட்டுக் கௌரவத்துக்காக அவ உங்ககிட்ட வசவு வாங்கறா... நானும் மரம் மாதிரி கேட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்!"



"அண்ணே..." தம்பி அவர் கையைப் பற்றிக்கொண்டான். "என்கிட்டயா மறைச்சே? நான் என்ன அந்நியனா?" பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி... வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுங்க."

"விடுங்க தம்பி. தெரியாமத்தானே பேசினீங்க," என்றாள். மகள் ஓடி வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமே விக்கி விக்கி அழுதார்கள்.

அவர் மூக்கை உறிஞ்சினார். "ஏண்டா, அந்தக் கரையில ஒரு டார்ச் கூடக் கிடையாதில்ல? அப்ப எல்லாரும் என்னை மாதிரிதான் தடவணும். போகலாம்டா."

"அப்ப உன் கை எனக்குத்தான்ணே."

"ஒண்ணு தரேன். இன்னொண்ணு ஏற்கெனவே போயாச்சு."

அழுகைக்கு நடுவே எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மகள் போன் செய்து நான்கு பேருக்கும் இடம் உறுதி செய்தாள். பிறகு பேனாவுடன் வந்து அம்மாவின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன்னை நாங்க யாருமே கேக்கலையே. அங்க உனக்கு என்ன வேணும்?"

அவள் திகைத்துப் போனாள். ஆறு மாதமாக அந்தத் தீவில் எங்கே பள்ளம், எங்கே படி, எப்போது பொழுது சாயும் என்று மட்டுமே விசாரித்து வைத்திருந்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ஒரு பெரிய மரத்தடியில சும்மா உட்காரணும்டி. ஒரு மணி நேரம்... யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"ரெண்டு மணி நேரம்னு எழுதும்மா," என்றார் அவர்.