இரண்டாவது ரவுட்டர் ஏன் எழவில்லை?

காலை 10.20. மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் இருந்த புற்றுநோய் ஊசிப் பெட்டியைக் காணவில்லை. கேமராக்களும் சொல்லிவைத்தாற்போல் அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருந்தன. அவற்றின் படங்கள் இணையம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். பத்து நிமிடம் இணையமே இல்லை.

பகல் 12.05. இன்ஸ்பெக்டர் வந்தார். கேட்டதையே கேட்டு ஆளைப் படுத்துவதால், ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குப் பெயர் 'குடைச்சல்'.

மேலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நெட்வொர்க் பாக்குறது என் அக்கா பொண்ணுதான், மேடம். வேலை வாங்கிக் கொடுத்ததே நான். சொல்லவே வாய் வரல. ஆனா பாஸ்வேர்ட் அவகிட்ட மட்டும்தான் இருக்கு."

"நெட் போனதும் என்ன செஞ்சீங்க?"

"ரவுட்டர் ரூமுக்கு ஓடினேன். மெயின் ரவுட்டர்ல ஒரு லைட்கூட எரியல. பிளக் கழண்டிருந்துச்சு, அழுத்தினேன், வந்துருச்சு. உடனே ரூமைப் பூட்டி, அவ லேப்டாப்பையும் வாங்கி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் யாரும் எதையும் தொடல."

அந்தப் பெண் மேசையோரம் நின்றிருந்தாள். அன்று மாலைக்குள் உள்ளே போய்விடுவோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மெயின் செத்தா?" என்று அவளிடம் கேட்டார் குடைச்சல்.

"ரெண்டாவது உடனே எடுத்துக்கும், மேடம். உள்ளுக்குள்ள ரெண்டும் 'இருக்கேன், இருக்கேன்'னு பேசிக்கிட்டே இருக்கும். பேச்சு நின்னா இது எழுந்துக்கும்."

"மெயின் திரும்பி வந்தா?"

"வேலையைத் திரும்ப வாங்காது. நான் கையால மாத்திவிடணும். அப்படித்தான் செட் பண்ணியிருக்கேன்."

"லைட் பச்சைன்னா?"

"வேலை செய்யுதுன்னு அர்த்தம். மஞ்சள்னா காத்திருக்கு."

குடைச்சல் பூட்டைத் திறக்கச் சொன்னார். மெயின் பச்சை. இரண்டாவது மஞ்சள்.

மெயினின் பிளக்கை அவரே பிடுங்கினார். இரண்டாவது பச்சைக்கு மாறியது. கேமராப் படங்கள் ஓடின. பிளக்கைச் செருகினார். மெயின் விழித்தது, மஞ்சளில் நின்றது. மேலாளர் கைக்குட்டையை எடுத்தார்.

குடைச்சல் அவளுடைய லேப்டாப்பை வாங்கி அவளிடம் கொடுத்தார். "இப்ப மாத்திவிடும்மா."

அவள் மாற்றினாள். குடைச்சல் இந்த முறை மெயினிலிருந்து வெளியே போகும் கேபிளை மட்டும் உருவினார். படங்கள் நின்றன. மெயின் பச்சையாகவே இருந்தது; இரண்டாவது மஞ்சளில் சும்மா கிடந்தது.

"உள்பேச்சு நிக்கல, அதான் எழல," என்றாள் அவள். "வெளி லைனையும் கவனிக்கச் சொல்லி செட் பண்ணணும். இந்த வாரம் செய்றதா இருந்தேன். ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"யார்கிட்டன்னு நான் கேக்கல," என்றார் குடைச்சல். மேலாளர் பக்கம் திரும்பினார். "ஓட்டையைத் தெரிஞ்சு வெச்சிருந்தீங்க. பொய்யைத்தான் சரியா செட் பண்ணல. மெயின் நிஜமா செத்திருந்தா ரெண்டாவதுதான் பச்சையா இருந்திருக்கணும். நான் வந்தப்ப மெயின் பச்சை. அது அணையவே இல்ல, வெளி கேபிளைத்தான் உருவியிருக்கீங்க. யாரும் எதையும் தொடலன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க. பெட்டி எங்க?"

மேலாளர் கார் சாவியை மேசைமேல் வைத்தார். "உன்னை எப்படியாவது வெளிய எடுத்திருப்பேன்மா," என்றார், தலை நிமிராமல்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அம்மாகிட்ட நான் சொல்லணுமா, இல்ல உங்க அக்காகிட்ட நீங்களே சொல்றீங்களா, மாமா?"