பின்னாலிருந்து அடிக்கும் பெல்

தர்மராஜ் அண்ணனின் ஆம்புலன்ஸ் என் ஷெட்டுக்குள் வந்து நின்றபோது மதியம் இரண்டு மணி இருக்கும். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரம்பலூர் டவுனின் இரைச்சல் துறையூர் ரோட்டில் இருக்கும் என் ஷெட்டு வரை வராது. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அங்கிருந்த ஒரே சத்தம்.

அவர் இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார். வண்டி ஒயரிங் பார்க்கிறவனுக்குக் காத்திருக்கத் தெரியவேண்டும். குறை எங்கே என்று வண்டியும் சரி, ஆளும் சரி, மெதுவாகத்தான் சொல்வார்கள்.

"பின்னாடி பெல் அடிக்குது மாறா," என்றார் கடைசியில். "உள்ள ஆளே இல்லாதப்ப அடிக்குது."

"எந்த பெல்லு?"

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்குமே தெரியும், அந்த வண்டியில் இருப்பது ஒரே ஒரு பெல்தான்.

பின்பக்கத்தில், ஸ்ட்ரெச்சருக்குத் தலைமாட்டில், சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். நோயாளியோ கூட வருகிறவர்களோ அதை அமுக்கினால் டிரைவர் பக்கத்தில் பெல் அடிக்கும். வண்டியை நிறுத்து, ஏதோ ஆபத்து என்று அர்த்தம். நடுவில் தகரத் தடுப்பு. சைரன் போட்டுவிட்டால் பின்னால் எவ்வளவு கத்தினாலும் முன்னால் கேட்காது. அதற்காகத்தான் அந்த பெல்.

அதை அறுத்தவன் நான்.

போன வருடம் இவரே வந்து கேட்டார். "ரோட்டுல குழி வந்தா அமுக்குறாங்க. மெதுவா போனா அமுக்குறாங்க, வேகமா போனாலும் அமுக்குறாங்க. ஒருத்தன் டீ குடிக்கணும்னு அமுக்குனான்டா! பொணத்தை ஏத்திக்கிட்டுப் போறப்ப! கழட்டி வுட்ரு." இருவரும் சிரித்தோம். பட்டனுக்குப் பின்னால் ஒயரை நறுக்கி, பச்சை டேப் சுற்றினேன். பட்டனை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். "அமுக்குனா அதுகளுக்கு ஒரு ஆறுதல்." அவருக்கு மட்டுமல்ல, இன்னும் மூன்று வண்டிகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அது ஐந்து நிமிட வேலை.

"எப்பருந்துண்ணே அடிக்குது?"

"ஒரு மாசமா. ஆளை எறக்கிட்டுத் திரும்பி வரப்ப. நீட்டா ஒரே அடி. நிக்காது. இப்பல்லாம் நான் கண்டுக்கிறதில்ல. சைரனைப் போட்டுட்டு மிதிச்சிருவேன்."

நான் பின்பக்கம் ஏறினேன். டெட்டாலும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. கண்ணாடியில் பால் நிற ஃபிலிம் ஒட்டியிருந்ததால் பகல் உள்ளே வரும்போதே சாம்பல் நிறமாகியிருந்தது. பட்டனின் மூடியைக் கழற்றினேன். என் பச்சை டேப் அப்படியே இருந்தது. மேலே ஒரு வருடத் தூசி. யாருடைய விரலும் அதைத் தொட்டிருக்கவில்லை. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. பட்டனுக்குக் கரண்டே வரவில்லை.

அப்போது முன்னால் பெல் அடித்தது.

நீளமாக. மூச்சு விடாமல்.

திறந்திருந்த பின்கதவு வழியாகப் பார்த்தேன். தர்மராஜ் அண்ணன் ஷெட்டு வாசலில், மழைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டியிருந்தார்.

இறங்கி முன்பக்கம் போனேன். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு பெல்லின் இரண்டு ஒயர்களையும் பிடுங்கினேன். அடித்தது. நட்டைக் கழற்றி பெல்லையே வெளியே எடுத்தேன். தீப்பெட்டி அளவு கறுப்புப் பொருள். எதனோடும் ஒட்டாமல் என் உள்ளங்கையில் கிடந்தது.

அது என் கைக்குள் நடுங்கி நடுங்கி அடித்துக்கொண்டிருந்தது, பிடிபட்ட வண்டு மாதிரி.

பேட்டரியின் டெர்மினலைக் கழற்றினேன். அப்போதும் அடித்தது. பிறகு தானாக நின்றது. களைத்துப்போய் நின்றது போலிருந்தது.

கூரைச் சொட்டு நின்றிருந்தது.

"யாருண்ணே?" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன மாசம். அரியலூர்ப் பக்கத்து ஆளு. அய்யம்பெருமாள்னு பேரு. நெஞ்சு வலி. திருச்சிக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். மவன் பைக்ல பின்னாடி வரேன்னுட்டான். உள்ள கூட ஆள் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல மாறா. எப்புடிக் கேக்கும்?"

"ம்."

"அங்க போயி கதவைத் தொறந்தா, ஸ்ட்ரெச்சர்லேருந்து பாதி சரிஞ்சு கெடக்குறாரு. கட்டை வெரல் பட்டன் மேல. வெறைச்சுப் போயி. எடுக்க முடியல. மவன் கேட்டான், அப்பா பெல் அடிச்சிருப்பாரே, கேக்கலையான்னு. அவரு அடிக்கவே இல்லன்னு சொல்லிட்டேன்."

அப்போது அவர் போன் அடித்தது. இருவருமே பதறிப்போனோம்.

வேப்பந்தட்டையிலிருந்து அவர் மனைவி அம்பிகா அக்கா. மகள் சுவாதி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். வலி கண்டுவிட்டது.

"வேற வண்டி சொல்லுவோம்ணே," என்றேன்.

"இந்த மழைக் காலத்துல வண்டி புடிச்சு அது அங்க போறதுக்குள்ள நான் போயி கூட்டியாந்துருவேன். சொந்த வண்டியை வச்சுக்கிட்டு எம் மவளை எவன் வண்டியிலயோ ஏத்துறதா?"

அவரை எப்படித் தடுப்பது? பேய் என்று சொல்வதா? அவருக்குத்தான் எனக்கு முன்பே தெரியுமே. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அறுத்ததைச் சேர்ப்பது.

"பத்து நிமிஷம் குடுங்க. பெல்லைப் போட்டுடுறேன். அவளுக்கு ஒண்ணுன்னா அமுக்க வேணாமா?"

பச்சை டேப்பைப் பிரித்து ஒயரை முறுக்கிச் சேர்த்தேன். பெல்லையும் பேட்டரி டெர்மினலையும் மாட்டினேன். ஃபியூஸ் போனது. வேறு போட்டேன். அதுவும் போனது. எங்கோ ஒயர் உரசி வண்டியின் இரும்பைத் தொடுகிறது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கி, தரையைப் பிரித்து, அடி அடியாகத் தடவிப் பார்த்தால் கிடைக்கும். அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். அவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். "வாடா, வாடா."

செப்புக் கம்பியில் ஓர் இழை உரித்து, போன ஃபியூஸின் மேல் சுற்றிச் சொருகினேன். எல்லாரும் செய்வதுதான். பட்டனை அமுக்கினேன். முன்னால் பெல் அடித்தது. விட்டேன். நின்றது.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு?"

"பின்னாடி ஒரு ஆள் இருக்கட்டும்ணே."

அவர் வெளியிலிருந்து பின்கதவைச் சாத்தினார். உள் கைப்பிடி உடைந்து பல மாதமாகிறது. பக்கக் கதவை மறித்து ஆக்சிஜன் சிலிண்டரின் ஸ்டாண்டைப் போல்ட் போட்டிருந்தார்கள். வெறுமையான அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் எசனை தாண்டி வேப்பந்தட்டை வரை நான் தனியாக உட்கார்ந்து வந்தேன். பட்டனைப் பார்க்காமலிருக்க முயன்றேன். பெல் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

சுவாதியைப் படுக்க வைத்தபோது அவளுக்கு வலி சற்று ஓய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன சித்தப்பா, என்னை ரிப்பேர் பாக்கவா வந்தீங்க?"

"வாயைப் பாரு இவளுக்கு," என்றார் அம்பிகா அக்கா. "மூச்சை இழுத்து வுடுடி."

வண்டி திரும்பியது. சைரன் போட்டார். வானம் மறுபடி இருண்டு, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. அனுக்கூர் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் வாசனைதான் வந்தது.

ஒயர் உருகும் வாசனை. இருபது வருடமாக எனக்குத் தெரிந்த வாசனை.

குனிந்து பார்த்தேன். ஸ்ட்ரெச்சருக்கு அடியிலிருந்து மெல்லியதாக ஒரு புகை. ஃபியூஸ் இருந்திருந்தால் அது போய்க் காப்பாற்றியிருக்கும். நான் இழையைச் சுற்றியிருந்தேன். பக்கத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டர்.

பட்டனை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெல் அடிப்பது மெலிதாகக் கேட்டது. நீளமாக.

வண்டி நிற்கவில்லை.

வேகம் கூடியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கும் அதே அடி. கேட்டால் திரும்பாமல் மிதித்துவிடப் பழகியிருந்தார்.

தகரத்தை முட்டியால் இடித்தேன். சைரன் அதை விழுங்கியது. என் போன் ஷெட்டு பெஞ்சில் கிடந்தது. "அக்கா, அண்ணனுக்குப் போடுங்க!" அம்பிகா அக்கா போட்டார். பிஸி. அண்ணன் மருமகனிடம் பேசிக்கொண்டிருந்தார் போல. மறுபடி போட்டார். பிஸி.

"தம்பி, பொகையா வருது தம்பி..."

சுவாதி இருமத் தொடங்கினாள். இருமலும் வலியும் ஒன்றாக வந்தபோது அவள் முகம் நீலம் பாரித்தது. என் கண் எரிந்தது. கட்டை விரல் பட்டன் மேலேயே இருந்தது. இதே இடத்தில் இதே மாதிரி ஒரு விரல் இருந்தது. அமுக்கினால் யாராவது வருவார்கள் என்று அந்த விரலும் நம்பியிருக்கிறது.

என் விரலின் பக்கத்தில் ஏதோ சில்லென்று பட்டது.

நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

விரலை எடுத்தேன். அந்த மனிதர் எப்போதும் நீளமாகத்தான் அடிக்கிறார். வேறு மாதிரி அடித்தால்?

க்ர். க்ர். க்ர்.

மறுபடி விட்டு விட்டு அமுக்கினேன். மூன்று. மூன்று.

பிரேக் பிடித்ததில் நான் தடுப்பில் போய் மோதினேன்.

கதவு திறந்தது. மழையும் காற்றும் உள்ளே வந்தன. மூவருமாகச் சுவாதியைத் தூக்கி, சாலையோரம் மூடிக்கிடந்த ஒரு கடையின் கூரைக்கடியில் கொண்டுபோனோம். நான் ஓடிப்போய் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி எறிந்தேன். புகை அடங்கியது. ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கார் நின்றது. இரண்டு பேருக்குத்தான் இடமிருந்தது. அம்மாவும் மகளும் போனார்கள். தர்மராஜ் அண்ணன் தன் தம்பியை பைக் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. சேர்த்தாயிற்று, பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அவர் போனை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கேட்டார். "மாறா, ரெண்டு பெல்லு வச்சியா?"

"ஒண்ணுதாண்ணே."

"இல்லடா. நீட்டா ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் நிக்கல. அது அடிக்கிறப்பவே, அதுக்கு மேல மூணு மூணா இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணா கேட்டுச்சு. அது யாரோ உசுரோட இருக்கவங்க அடிக்கிறதுன்னு தோணுச்சு. அதான் நின்னேன்."

நான் என் கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மழை விட்டுவிட்டது. வண்டி சாலையோரம் விளக்கில்லாமல், உயிரில்லாமல் நின்றது. பேட்டரி டெர்மினல் சேற்றில் கிடந்தது. பின்கதவு மூடியிருந்தது. அதை நான் மூடவில்லை. அவரும் மூடவில்லை என்றார்.

அப்போது அடித்தது.

க்ர். க்ர். க்ர்.

நீட்டி அடித்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அது தெரிந்துகொண்டிருந்தது.

க்ர். க்ர். க்ர்.

"உள்ள ஆள் இருக்காங்கடா," என்றார் தர்மராஜ் அண்ணன், மிக மெல்லிய குரலில். அவர் கால்கள் ஏற்கெனவே வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தன. கதவின் கைப்பிடியில் அவர் கை பட்டதும், பெல் நின்றது.