பூட்டிய அறைக்குள் ஒரு குரல்

மாடி அறையில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று சிட்டுவுக்குத் தோன்றியது ஒரு சிரிப்பால்தான். இருட்டிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.

அந்த அறையில் குடியிருப்பவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். தனியாள். எல்லோருக்கும் அவர் மாடி மாமா. வீடு சிட்டுவின் பெரியப்பாவுடையது. "ஒத்த ஆளுக்குத்தான் ரூம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார்.

அதன் பிறகு சிட்டுவுக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. மாமா பெரிய ரொட்டி வாங்கி வந்தால், யாருக்கு இவ்வளவு? ஜன்னலிலிருந்து மரத்துக்கு ஒரு கம்பி ஓடியது. துணி காயப்போடாத கம்பி எதற்கு? அவர் சிரித்தால்கூட எதையோ மறைப்பது போலிருந்தது. சந்தேகப்படுவது பயமாக இருந்தது, கொஞ்சம் ருசியாகவும் இருந்தது. அந்த ருசிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெரியம்மாவுக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது.

"ராத்திரியானா ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. ஒரு வார்த்தை புரியல. போன்ல வேற, 'நேத்து புது ஸ்டேஷன் மாட்டுச்சு'ன்னு சொல்றாரு. விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கு," என்று பெரியப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே பெரியப்பா மாடி ஏறினார். பின்னாலேயே சிட்டு.

"ராத்திரி இங்க யாரு பேசுறது?"

"ரேடியோங்க," என்றார் மாமா.

"எங்க, போடுங்க பார்ப்போம்."

மாமா குமிழைத் திருகினார். கர்ர்ர். இன்னும் திருகினார். கொர்ர்ர். ஓரிடத்தில் உள்ளூர்ச் செய்தி வந்தது. அது எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. அதுதான் வினை.

"தூரத்து ஸ்டேஷன் எல்லாம் பகல்ல வராதுங்க. இருட்டினாத்தான் வரும்."

"ஏன், வெயில் ஒத்துக்காதா? எனக்கே காதுல பூ சுத்துறீங்களா? நாளைக்கு ரூமைக் காலி பண்ணிடுங்க."

பெரியப்பா இறங்கிப் போனார். மாமா சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"மாமா, நீங்க எந்த ஸ்டேஷன்ல மாட்டினீங்க?" என்று கேட்டாள் சிட்டு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நான் மாட்டலைம்மா. ஸ்டேஷன்தான் என்கிட்ட மாட்டுச்சு. ரேடியோ ஸ்டேஷன். கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து."

"பகல்ல மட்டும் ஏன் வரல?"

"அந்த அலை வானத்துல பட்டுத் திரும்பி நம்ம ஜன்னல் கம்பிக்கு வரணும். பகல்ல வெயில் அதை வழியிலேயே முழுங்கிடும். ராத்திரிதான் விடும்."

நம்பலாமா? பொய் சொல்பவர்களும் இப்படி அமைதியாகத்தானே பேசுவார்கள். நம்பவும் வேண்டாம், நம்பாமலிருக்கவும் வேண்டாம். பார்த்துவிட்டால் போதும் என்று சிட்டு நினைத்தாள். கீழே ஓடினாள்.

"பெரியப்பா, சாயங்காலம் மாமா நம்மகூட கீழ உக்காரட்டும். ரேடியோவை ஓடவிட்டு, ரூமை நீங்களே பூட்டிடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அப்ப யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சிடும்ல?"

"மூளை அப்படியே என்னை மாதிரி," என்றார் பெரியப்பா.

சாயங்காலம், அந்தப் புது ஸ்டேஷன் மாட்டிய இடத்தில் மாமா முள்ளை நிறுத்தினார். பெரியப்பா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு பூட்டினார்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மேலே வெறும் இரைச்சல். வெளிச்சம் மங்கியது. இன்னும் இரைச்சல்தான். பெரியம்மா "ஹும்" என்றாள். சிட்டு மாடிப்படியையே பார்த்தாள். ஒன்றுமே வராவிட்டால்?

விசில் போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல, ஒரு பெண் பேச ஆரம்பித்தாள்.

பெரியப்பா படியில் பாய்ந்து ஏறினார். சிட்டுவும் மாமாவும் பின்னால் ஓடினார்கள். பூட்டு திறந்தது. அறையில் யாருமில்லை. ரேடியோவின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல மங்கியது, மறுபடி ஏறி வந்தது.

"இந்தம்மா எந்த ஊரு?" என்றார் பெரியப்பா ரகசியமாக.

"தெரியலீங்க. ஸ்டேஷன் பேரைச் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்."

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருங்க. இப்ப பேசாதீங்க, பேரைச் சொல்லிடப் போறாங்க."

கீழேயிருந்து பெரியம்மா கூப்பிட்டாள். "என்னங்க, யாரு அந்தப் பொம்பளை?"

"இரு, அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார் பெரியப்பா, ரேடியோவிலிருந்து காதை எடுக்காமல்.