படையல் சோற்றில் கரி

"படையல்ல நீங்க கை வைக்கக் கூடாது அண்ணி!"

வாழையிலை விரித்துக்கொண்டிருந்த அங்கம்மாவின் கை அப்படியே நின்றது. இன்று அவள் புருஷனுக்குத் திதி. கத்தியவன் கொழுந்தன் காளிதாஸ். தாயில்லாத அவனை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி வளர்த்தவள் அவள். அவன் கல்யாணத்தின்போது, புருஷன் விட்டுப்போன நிலத்தையும் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்தாள்.

"என்ன தம்பி சொல்ற...?"

"ஆபிசருங்கள வரவச்சிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறீங்களே! நேத்து கம்பெனி பாஸ் என்னைய என்னா ஏசு ஏசுனாரு தெரியுமா?"

வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த நிலத்தைத்தான் குப்பைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தான். கப்பலில் வந்த வெளிநாட்டுக் குப்பை. விலைபோகிறதைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொளுத்தினார்கள். எந்தச் சீமையிலோ எவனோ தயிர் தின்று எறிந்த டப்பா இந்த மலேசிய லாபிஸில் எரிந்தது. புகை வந்து காளிதாஸின் மகள் லோஷினியின் நெஞ்சில் உட்கார்ந்தது. தயிர் தின்றவன் ஊர் மட்டும் சுத்தமாம்!

அறைக்குள் பிள்ளை இருமினாள். காளிதாஸின் மனைவி சாந்தினி வாசற்படியில் வெளிறி நின்றாள். அங்கம்மா அவளை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா... பொகையப் பத்தி ஆபிசருங்களுக்கு நாந்தான் போன் போட்டேன்."

"அலமாக்! சோறு போடுற நெலத்துக்கே ஒல வைக்கிறீங்களா? செனாய்ல உங்க தங்கச்சி வீடு இருக்குல்ல? கெளம்புங்க!"

"போறேன்யா. அவருக்கு ஒரு கரண்டி சோறு மட்டும் வச்சிட்டு..."

"கூடாதுன்னா கூடாது!"

"போதும், நிறுத்துங்க!" சாந்தினி அலறினாள். "போன் போட்டது நானு! புள்ளைக்கு ஒதடு நீலமாப் போச்சு, நீங்க கேட்டுப் பக்கத்துல நின்னு பாஸோட சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க! என்னைய எங்கம்மா வீட்டுக்குத் தொரத்திருவீங்கன்னு அக்கா தன் தலையில போட்டுக்கிட்டாங்க... இவங்களையா போகச் சொல்றீங்க?"

காளிதாஸ் இலையருகே திறந்திருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்தான். அண்ணனுக்கு வடித்த சோற்றின்மேல் ஜன்னல் வழியே வந்த கரி விழுந்திருந்தது. விரலால் தட்டினான். போகவில்லை. சோறெல்லாம் கறுப்பாக இழுபட்டது.

"அண்ணி...!" காலடியில் சரிந்தான். "தப்பு அண்ணி... நீங்களே பரிமாறுங்க..."

அவன் தலையை மடியோடு அணைத்துக்கொண்டு அழுதாள் அங்கம்மா. பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"நெலத்த ஒனக்குக் குடுத்தது ஒம்புள்ள நல்லா வாழ! கண்டவன் குப்பையக் கொளுத்த இல்ல!"

வெளியே குப்பை லாரி ஹாரன் அடித்தது.

"வேற சோறு வடிக்கிறேன். ஒங்கண்ணன் காத்திருப்பாரு. மொதல்ல போயி அந்தக் கேட்ட இழுத்துப் பூட்டு, போ!"

சட்டைகூடப் போடாமல் காளிதாஸ் ஓடினான்.